தனிப்பயன் சருமச் சிகிச்சை: மாதக் கட்டணத்தில் மருந்துக்கு எவ்வளவு, மருத்துவருக்கு எவ்வளவு?

முகத்தை நேராகவும் இரு பக்கவாட்டிலும் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பி, சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால், அவரவர் சருமத்துக்கென்றே வகுக்கப்பட்ட மருந்துகள் அடங்கிய பெட்டி மாதந்தோறும் வீடு தேடி வரும் என்கிற சேவைகள் பெங்களூரில் இப்போது புதுமையல்ல. கோவையிலிருந்தோ சேலத்திலிருந்தோ வேலைக்கு வந்து, ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் பி.ஜி. விடுதிகளில் தங்கியிருக்கும் தமிழ் இளைஞர்களுக்கு இவற்றின் மீது நாட்டம் வருவதில் வியப்பில்லை. ஊர் மாறியதும் முகமும் மாறியிருக்கும். தோல் மருத்துவரைப் போய்ப் பார்க்க வார நாளில் நேரம் வாய்க்காது. கையில் சம்பளம் இருக்கும். கட்டணம் சேவைக்குச் சேவை வேறுபடும் என்றாலும், ஒரு கணக்குக்காக மாதம் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 18,000 ரூபாய் ஆகிறது. ஏறத்தாழ இரண்டு மாத விடுதி வாடகை அது.

அந்தத் தொகை தகுமா என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை தர முடியாததற்குக் காரணம், பெட்டிக்குள் மூன்று வேறு பொருள்கள் ஒரே விலையில் கட்டப்பட்டிருப்பதுதான்: மருந்து, அழகுப் பொருள், மருத்துவரின் கவனம். மூன்றும் வெளியே தனித்தனியாகவும் கிடைப்பவை, தனித்தனி விலை உடையவை. அவற்றைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலோர் எதற்குப் பணம் தருவதாக நினைக்கிறார்களோ அதற்கு மிகக் குறைவாகவும், எதை இலவச இணைப்பாகக் கருதுகிறார்களோ அதற்கு மிகுதியாகவும் தருகிறார்கள் என்பது தெரியவரும்.

இந்த முறை அமெரிக்காவில் பிறந்தது. டேவிட் லார்ட்ஷர் என்னும் தோல் மருத்துவர் 2014இல் தொடங்கிய கியூராலஜி என்ற நிறுவனம் அதைப் பரவலாக்கியவற்றுள் முதன்மையானது. அங்கே தோல் மருத்துவரைப் பார்க்க வாரக்கணக்கில், சில ஊர்களில் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். பார்த்தபின் எழுதித் தரும் ஒரு டியூப் மருந்தின் விலையைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்க மறுத்தால் அது நூறு டாலரைத் தாண்டுவதும் உண்டு. அப்படிப்பட்ட நாட்டில், மாதம் சில பத்து டாலர்களுக்கு மருத்துவரின் ஆலோசனையும் மருந்தும் சேர்ந்து கிடைப்பது மெய்யாகவே சிக்கனம். பெங்களூரின் நிலை முற்றிலும் வேறு. இந்திராநகர், ஜெயநகர், கோரமங்களா என எந்தப் பகுதியை எடுத்துக்கொண்டாலும் தோல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அன்றோ மறுநாளோ பார்த்துவிடலாம். எழுதித் தரும் மருந்தை எந்தக் காப்பீடும் இல்லாமல் சில நூறு ரூபாய்க்கு மூலைக்கடையில் வாங்கலாம். அங்கே ஒரு பெரிய குறையைத் தீர்க்கப் பிறந்த சேவை, அந்தக் குறை அவ்வளவாக இல்லாத ஊருக்கு வரும்போது, தன் விலைக்கு வேறு நியாயம் தேடியாக வேண்டும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. அமெரிக்காவில் மருத்துவர் எழுதும் சீட்டின்படி மருந்தகமே இரண்டு மூன்று மருந்துகளை ஒரே புட்டியில் கலந்து தரும் முறை சட்டத்தால் வரையறுக்கப்பட்டிருக்கிறது. அப்படிக் கலந்த மருந்து அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஒப்புதல் பெற்றது ஆகாது. உட்பொருள்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே சோதிக்கப்பட்டவையாக இருக்கலாமே தவிர, அந்தக் கலவை முழுமையாகச் சோதிக்கப்பட்டதாகக் கொள்ள முடியாது. இந்தியாவில் தனிப்பயன் என்ற பெயரில் வருவது பெரும்பாலும் இந்த வகைக் கலவையும் அன்று. முன்பே ஆலையில் தயாரான கிரீம், ஜெல், முகக்கழுவி ஆகியவற்றுள் நமக்கு ஏற்றவையாகச் சிலவற்றைத் தெரிந்தெடுத்து ஒரு பெட்டியில் வைப்பதே இங்குள்ள வழக்கம். கடையில் அளவு பார்த்து எடுத்த சட்டையைத் தைத்த சட்டை என்று சொல்வதைப் போன்றது இது. தெரிந்தெடுப்பதில் தவறொன்றும் இல்லை, ஆனால் எந்தத் தோல் மருத்துவரும் தம் மேசையில் அன்றாடம் செய்வது அதைத்தான்.

தெரிந்தெடுக்க எவ்வளவு மருந்துகள் இருக்கின்றன என்று பார்த்தால், பட்டியல் வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. முகப்பருவுக்கு மேற்பூச்சாகப் பயன்படுபவற்றுள் ஆதாரம் வலுவாக உள்ளவை டிரெட்டினோயின், அடாபலீன் போன்ற ரெட்டினாய்டுகள் (வைட்டமின் ஏ வகையைச் சார்ந்த மருந்துகள்), பென்சாயில் பெராக்சைடு, அசெலாயிக் அமிலம், கிளிண்டாமைசின் போன்ற சில நுண்ணுயிர்க்கொல்லிகள் (ஆன்டிபயாடிக்) ஆகியவை. ரெட்டினாய்டுகளுள் மூத்ததான டிரெட்டினோயினை முகப்பருவுக்குப் பயன்படுத்தலாம் என்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மனும் அவருடைய குழுவினரும் 1969இல் எழுதினார்கள். சிறைக் கைதிகள் மீது நடத்திய பரிசோதனைகளுக்காகப் பின்னாளில் கடுமையான கண்டனத்துக்கு ஆளானவர் கிளிக்மன் என்பதையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். 1971இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அந்த மருந்தின் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, 0.025, 0.05, 0.1 சதவீதம் என்ற மூன்று செறிவுகளில் அது இந்தியாவில் பல நிறுவனங்களின் பெயரில் விற்கிறது. அரை நூற்றாண்டு கடந்த ஒரு மருந்து, புதுப்பெட்டியில் வருவதால் புது மருந்தாகிவிடாது. பழைய மருந்து என்பதால் அதன் மதிப்பு குறைந்துவிடுவதும் இல்லை. இன்றும் முகப்பருச் சிகிச்சையின் முதுகெலும்பு ரெட்டினாய்டுதான்.

அப்படியானால் ஆளுக்கு ஆள் மாற வேண்டியது எது? மருந்தின் பெயர் மாறுவதைவிடச் செறிவும், பூசும் இடைவெளியும், மருந்தைத் தாங்கிவரும் ஊடகமும் மாறுவதுதான் பெரிது. ஒருவர் தினமும் இரவில் பூசலாம். இன்னொருவர் வாரத்துக்கு இரண்டு இரவில் தொடங்கி மெல்ல ஏற வேண்டியிருக்கும். எண்ணெய் வடியும் முகத்துக்கு ஜெல்லும், வறண்ட முகத்துக்குக் கிரீமும் பொருந்தும். ஊர் மாறும்போது இந்தக் கணக்கும் மாறும் என்பதைப் புலம்பெயர்ந்தவர்கள் கவனிக்க வேண்டும். சென்னையின் ஈரக்காற்றில் தொந்தரவில்லாமல் ஏற்றுக்கொண்ட ஒரு ஜெல், ஜனவரி முதல் மார்ச் வரையிலான பெங்களூரின் வறண்ட காற்றில் மூக்கோரத்திலும் வாயோரத்திலும் எரிச்சலையும் செதில் உரிதலையும் உண்டாக்கலாம். வெயில் இதமாகத் தோன்றுவதால் சன்ஸ்கிரீன் வேண்டாம் என்று நினைப்பது இந்த ஊரில் இன்னொரு பொறி. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பெங்களூர். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். குளிர்ந்த காற்று வெப்பத்தைக் குறைக்கும், புற ஊதாக் கதிரைக் குறைக்காது. இவற்றையெல்லாம் பொருத்திப் பார்த்து, "இந்த மாதம் ஒன்றுவிட்டு ஒரு நாள் பூசுங்கள், அதற்கு முன் மாய்ஸ்சரைசர் தடவிக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் சொல்வதுதான் மெய்யான தனிப்பயன். அதற்குத் தனியாக எந்தப் புட்டியும் தேவையில்லை, ஆனால் சொல்வதற்கு விவரம் தெரிந்த ஓர் ஆள் தேவை.

ஒரே புட்டியில் பல மருந்துகள் என்பது கேட்க வசதியாக இருந்தாலும், வேதியியல் எப்போதும் அதற்கு இடம் தருவதில்லை. சாதாரண டிரெட்டினோயினோடு பென்சாயில் பெராக்சைடைச் சேர்த்தால், பின்னது முன்னதை ஆக்சிஜனேற்றம் செய்து சிதைத்துவிடக்கூடும்; வெளிச்சம் பட்டால் சிதைவு இன்னும் விரைவாகும். இரண்டையும் ஒரே கிரீமாக்க, ஒவ்வொன்றையும் நுண்ணிய சிலிக்கா உறைக்குள் அடைக்க வேண்டியிருந்தது. அப்படிச் செய்த மருந்துக்கு அமெரிக்காவில் 2021இல்தான் ஒப்புதல் கிடைத்தது. அடாபலீன் இந்த விஷயத்தில் உறுதியானது என்பதால், அதுவும் பென்சாயில் பெராக்சைடும் சேர்ந்த ஜெல் இந்தியக் கடைகளிலேயே கிடைக்கிறது. டிரெட்டினோயின் பூசுபவர்களுக்குக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்ற பழைய வழியே போதும். கலவைக்கு எதிரான இன்னொரு காரணம் நடைமுறை சார்ந்தது. நான்கு பொருள்கள் அடங்கிய ஒரு கிரீமால் முகம் சிவந்தால், நான்கில் எது குற்றவாளி என்பதைக் கண்டறிய வழியில்லாமல் முழுவதையும் நிறுத்த வேண்டியிருக்கும். தனித்தனி டியூப்களாக இருந்தால் ஒன்றை மட்டும் நிறுத்திப் பார்க்கலாம்.

இனி பணக் கணக்கு. விலைகள் கடைக்குக் கடை, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபவை என்பதால், கீழே வருவதை ஒரு மாதிரிக் கணக்காகவே கொள்ள வேண்டும். மிதமான முகப்பரு உள்ள ஒருவர் ஆண்டுக்கு மூன்று முறை தனியார் தோல் மருத்துவரைப் பார்க்கிறார், ஒவ்வொரு முறையும் 800 ரூபாய் என்றால் 2,400 ரூபாய். டிரெட்டினோயின் முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவே போதும். அந்த அளவில் 20 கிராம் டியூப் இரண்டு மாதத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். டியூப் 250 ரூபாய் என்றால் ஏழு டியூப்களுக்கு 1,750 ரூபாய். பென்சாயில் பெராக்சைடுக்கு 1,200 ரூபாய். வாசனையில்லாத எளிய மாய்ஸ்சரைசருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய். சன்ஸ்கிரீனை நாளுக்கு ஒரு கிராம் என்று முகத்துக்கு மட்டும் பூசினாலும் ஆண்டுக்கு 50 கிராம் டியூப்கள் எட்டு வேண்டும். ஒன்று 450 ரூபாய் என்றால் 3,600 ரூபாய். எல்லாம் சேர்த்து 10,950 ரூபாய்.

இதில் மருந்தின் பங்கு 2,950 ரூபாய், மொத்தத்தில் கால் பங்கைச் சற்றே தாண்டுகிறது. சன்ஸ்கிரீனும் மாய்ஸ்சரைசரும் பாதியை எடுத்துக்கொள்கின்றன. மாதம் 1,500 ரூபாய்ப் பெட்டியில் சன்ஸ்கிரீனும் அடங்கியிருந்தால் இரண்டு வழிகளுக்கும் ஆண்டுக்கு 7,050 ரூபாய் வேறுபாடு. அடங்கவில்லையென்றால் அதையும் வெளியே வாங்க வேண்டியிருப்பதால் வேறுபாடு 10,650 ரூபாயாக உயரும். ஆகவே ஒரு சேவையை மதிப்பிடும்போது முதலில் கேட்க வேண்டியது பெட்டிக்குள் இருக்கும் சன்ஸ்கிரீன் எத்தனை கிராம், அது எத்தனை நாள் வரும் என்பதுதான். ஒரு மாதத்துக்கென்று 15 கிராம் டியூப் வைத்திருந்தால், பூச வேண்டிய அளவில் பாதியைத்தான் பூசப்போகிறோம் என்று பொருள். சற்றே குறும்பாகச் சொல்வதானால், சருமச் சிகிச்சையில் மிகப் பெரிய செலவு மருந்துச்சீட்டே தேவைப்படாத பொருளுக்குத்தான் ஆகிறது.

மருந்தின் மீது இவ்வளவு சிறிய தொகையே செலவாகிறது என்றால், அந்த ஏழாயிரம் அல்லது பத்தாயிரம் ரூபாய் எதை வாங்குகிறது? நேரத்தை வாங்குகிறது என்பது ஒரு விடை, அது பொய்யும் அல்ல. வெளிவட்டச் சாலையின் நெரிசலில் மாலை ஆறு மணிக்கு மருத்துவமனைக்குப் போய் வருபவருக்கு அதன் மதிப்பு தெரியும். ஆனால் ஆண்டுக்கு மூன்று மாலைப்பொழுதுகளுக்கு அந்தத் தொகை மிகை. அதைவிட முக்கியமான விடை தொடர்கவனிப்பு. ரெட்டினாய்டு தொடங்கிய முதல் நான்கு முதல் ஆறு வாரங்களில் முகம் உரியும், எரியும், சிலருக்குப் பரு கூடவும் செய்யும். பயன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். இந்த இடைவெளியில்தான் பலரும் "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுடைய குளியலறை அலமாரியில் பாதி பயன்படுத்திய டியூப்கள் நாலைந்து கிடக்கும். மூன்றாவது வாரத்தில் படம் அனுப்பினால், அதைப் பார்த்த மருத்துவர் அடுத்த நாளே பூசும் இடைவெளியை மாற்றிச் சொல்வாரானால், அந்தச் சேவை தன் விலைக்கு உழைக்கிறது. அதே கேள்விக்கு எல்லாருக்கும் பொதுவான ஒரு பதிலை வாடிக்கையாளர் சேவைப் பணியாளர் அனுப்புவாரானால், வாங்கியது வெறும் கூரியர் வசதி.

அந்தப் பதிலை அனுப்புவது யார் என்பதில் சட்டமும் தலையிடுகிறது. 2020 மார்ச் 25 அன்று வெளியான இந்தியத் தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்கள், செயற்கை நுண்ணறிவால் இயங்கும் தளங்கள் நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கின்றன. மருத்துவருக்கு உதவியாக மட்டும் அந்தத் தொழில்நுட்பம் இருக்கலாம். மருத்துவரின் பெயர், தகுதி, பதிவு எண் ஆகியவை நோயாளிக்குத் தெரிய வேண்டும். சீட்டிலும் பதிவு எண் இருக்க வேண்டும். டிரெட்டினோயின் எச் அட்டவணையில் உள்ள மருந்து, அதாவது பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டின்றிச் சில்லறையில் விற்கக் கூடாதது. கடைகளில் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள் என்பது வேறு கதை. செயலி ஒன்று முகத்தைப் படமெடுத்து இத்தனை சதவீதம் பரு, இத்தனை சதவீதம் கறை என்று வண்ண வரைபடம் காட்டுவது கண்ணைக் கவரும், ஆனால் அந்த வரைபடம் நோயறிதல் ஆகாது. பெட்டியோடு வரும் சீட்டில் ஒரு மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா, அவர் தோல் மருத்துவத்தில் பட்டம் பெற்றவரா, அந்தப் பெயர் தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். பெட்டியில் உள்ள ஒவ்வொரு மருந்து டியூபிலும் உட்பொருளின் பெயரும் சதவீதமும், உரிம எண்ணும், தொகுதி எண்ணும், காலாவதி நாளும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். "இரவுக் கிரீம் 2" என்று மட்டும் எழுதிய வெள்ளை டப்பாவை முகத்தில் பூசக் கூடாது.

படம் பார்த்துச் சொல்லும் மருத்துவத்துக்கு எல்லைகள் இருக்கின்றன. நெற்றியிலும் மயிரோரத்திலும் ஒரே அளவில் சிறுசிறு கொப்புளங்களாக அரிப்போடு வருவது பருவாக இல்லாமல், மலசீசியா என்னும் பூஞ்சையால் வரும் மயிர்க்கால் அழற்சியாக இருக்கலாம். அதற்கு நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தால் கூடத்தான் செய்யும். தாடையோரப் பருவும் மாதவிடாய்க் கோளாறும் முகத்தில் முடி வளர்ச்சியும் சேர்ந்திருக்கும் பெண்ணுக்கு நீர்க்கட்டிச் சினைப்பை நோய்க்குறி (பி.சி.ஓ.எஸ்.) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதை எந்தக் கிரீமும் தீர்க்காது. ஆழமான, வலிக்கும் கட்டிப் பருக்கள் உள்ளவருக்கு மேற்பூச்சுப் பெட்டி மாதக்கணக்கில் வந்துகொண்டிருப்பது வீண்செலவு மட்டுமன்று. அந்தக் கால தாமதத்தில் வடுக்கள் நிரந்தரமாகிவிடலாம். அவர்களுக்கு வாய்வழி ஐசோட்ரெட்டினோயின் தேவைப்படக்கூடும். அது கருவைக் கடுமையாகப் பாதிக்கும் மருந்து, இரத்தப் பரிசோதனையோடு நேரடிக் கண்காணிப்பில் தர வேண்டியது. இத்தகையவர்கள் முதல் நாளே நேரில் போவது நல்லது.

மங்கு இவற்றினும் சிக்கலானது. கன்னங்களிலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் பழுப்புத் திட்டாகப் படரும் இது, கர்ப்பத்தோடும் வெயிலோடும் தொடர்புடையது. நம்மைப் போன்ற மாநிறச் சருமத்தில் புற ஊதாக் கதிர் மட்டுமல்லாமல் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் இதைக் கூட்டும். அதனால்தான் இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீனைப் பரிந்துரைக்கிறார்கள். மங்குக்கான முக்கூட்டு மருந்தின் கதை இந்தியாவில் எச்சரிக்கையோடு சொல்ல வேண்டியது. 1975இல் கிளிக்மனும் வில்லிஸும் நிறத்தை வெளுக்கும் ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், ஒரு ஸ்டீராய்டு ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு சூத்திரத்தை வெளியிட்டார்கள். அதன் மென்மையான வடிவம் ஒன்று அமெரிக்காவில் 2002இல் ஒப்புதல் பெற்றது, குறுகிய காலப் பயன்பாட்டுக்கு மட்டும். இந்தியாவில் மொமெட்டசோன் என்னும் இன்னும் வீரியமான ஸ்டீராய்டு சேர்ந்த வகை, மருத்துவரின் கண்ணில் படாமல், நிறம் வெளுக்கும் கிரீமாகவே அக்கம்பக்கத்தார் சிபாரிசில் ஆண்டுக்கணக்கில் பூசப்பட்டது. விளைவு தோல் மெலிவது, இரத்த நாளங்கள் தெரிவது, ஸ்டீராய்டுப் பரு, முகத்தில் முடி, நிறுத்தியவுடன் தாங்க முடியாத எரிச்சலும் சிவப்பும். இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் இதற்கெதிராகத் தனிச் செயற்குழுவே அமைத்துப் போராடியது. 2018இல் மேற்பூச்சு ஸ்டீராய்டுகள் பல எச் அட்டவணைக்குள் கொண்டுவரப்பட்டன.

பெட்டி வாங்குபவருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. மங்குக்கோ பருக்கறைக்கோ தொடங்கிய கிரீம் பத்தே நாளில் முகத்தைப் பளிச்சென்று ஆக்கினால், மகிழ்வதற்கு முன் டியூபைத் திருப்பி உட்பொருளைப் படிக்க வேண்டும். மொமெட்டசோன், பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃபுளூசினோலோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால், எத்தனை நாளைக்கு என்று எழுதித் தந்த மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். தானாக மறுமாதமும் வந்து சேரும் சந்தாவில் அத்தகைய கிரீம் இருக்கவே கூடாது என்பது என் கருத்து. மெய்யான மங்குச் சிகிச்சை மெதுவானது, திரும்பத் திரும்ப வரும் நோய்க்கானது. சிவாஜிநகரின் பௌரிங் அரசு மருத்துவமனையிலோ விக்டோரியாவிலோ, தனியாரில் செயின்ட் ஜான்ஸ் போன்ற மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலோ ஒருமுறை நேரில் காட்டி நோயை உறுதிசெய்துகொண்டு, அதன்பின் தொடர்கவனிப்பைத் தொலைபேசி வழியில் வைத்துக்கொள்வது செலவிலும் பாதுகாப்பிலும் மேலானது. மகனோடு தங்க ஊரிலிருந்து வந்திருக்கும் தாய்க்கு மங்கு என்றால் மொழியும் ஒரு காரணம். ஆங்கிலத்தில் வரும் வினாப்பட்டியலுக்கு மகன் பதில் எழுதும்போது விட்டுப்போகும் செய்திகளை, அல்சூரிலோ சிவாஜிநகரிலோ தமிழ் தெரிந்த மருத்துவர் ஒருவர் இரண்டு கேள்விகளில் வரவழைத்துவிடுவார்.

கருவுறும் திட்டமுள்ள பெண்களைப் பற்றியும் தனியாகச் சொல்ல வேண்டும். ரெட்டினாய்டுப் பூச்சும் ஹைட்ரோகுவினோனும் கர்ப்ப காலத்தில் தவிர்க்க வேண்டியவை. அசெலாயிக் அமிலம் அப்போதும் பயன்படுத்தத் தக்கது. சேர்ந்த நாளில் ஒருமுறை கேட்ட கேள்விக்கு "இல்லை" என்று பதில் சொல்லியிருப்பார்; எட்டு மாதம் கழித்து நிலை மாறியிருக்கும்; பெட்டி மட்டும் மாறாமல் வந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு மறுநிரப்புக்கும் முன்னால் இதைக் கேட்கும் சேவைதான் மருத்துவச் சேவை என்ற பெயருக்கு உரியது. கல்யாணத்துக்கென்று தொடங்குபவர்களும் நாட்காட்டியைப் பார்த்துக்கொள்வது நல்லது: முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் ரெட்டினாய்டு தொடங்கினால், முகம் மிக மோசமாக உரியும் வாரத்தில் மணமேடை ஏற நேரும். நான்கு மாதமாவது முன்னதாகத் தொடங்க வேண்டும், இல்லையேல் கல்யாணம் முடிந்தபின் தொடங்கலாம்.

விலையைப் பற்றிய முடிவில் நான் மிகப் பெரிதாகக் கருதுவது காலப்போக்கில் செலவு செல்லும் திசை. நன்றாக நடக்கும் முகப்பருச் சிகிச்சையில் முதல் மூன்று நான்கு மாதங்கள்தாம் கவனம் மிகுதியாகத் தேவைப்படும் காலம். பரு அடங்கியபின் வாரத்தில் சில இரவுகள் ஒரு ரெட்டினாய்டு, பகலில் சன்ஸ்கிரீன் என்று மருந்து சுருங்கிவிடும். நுண்ணுயிர்க்கொல்லிப் பூச்சைப் பல மாதங்கள் நீட்டுவது கிருமிகளின் எதிர்ப்புத்திறனை வளர்க்கும் என்பதால் அதை முன்பே நிறுத்தியிருப்பார்கள். சிகிச்சை இப்படி இறங்கி வர, சந்தா மட்டும் முதல் மாதத்துத் தொகையிலேயே நின்றால், தேவைப்படாத கவனத்துக்குப் பணம் போகிறது. புதிதாக ஒரு சீரம், ஒரு கண் கிரீம் என்று பெட்டியின் எடை கூடிக்கொண்டே போனால் இன்னும் ஐயப்பட வேண்டும்.

எனவே மிதமான பருவோ பருக்கறையோ உள்ள, இதற்குமுன் தொடங்கிய சிகிச்சைகளைப் பாதியில் விட்டுவிட்ட, மருத்துவரை அடிக்கடி பார்க்க இயலாத ஒருவருக்கு, பெயர் தெரிந்த தோல் மருத்துவர் பின்னிருந்து கவனிக்கும் சேவையில் முதல் நான்கு மாதங்களுக்குச் சேர்வது நியாயமான செலவு என்றே சொல்வேன். ஒழுங்காகப் பூசும் பழக்கம் ஏற்கெனவே உள்ளவருக்கு அது தேவையில்லை. ஒரு நேரடி ஆலோசனையும் இரண்டு டியூப்களும் போதும். ஓராண்டுச் சந்தாவைத் தள்ளுபடி விலையில் மொத்தமாகக் கட்டுவது இருவருக்கும் பொருந்தாது, ஏனென்றால் மருந்து ஒத்துக்கொள்ளுமா என்பதே பன்னிரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும். தானியங்கிப் பணப்பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பாக அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2021 அக்டோபரிலிருந்து முழுமையாக நடைமுறையில் இருக்கிறது; எளிதில் வெளியேற விடாத சந்தாப் பொறிகளை 2023 நவம்பரில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் தடைசெய்கின்றன. அந்த அறிவிப்புக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் அழித்துவிடாமல் இருந்தாலே பாதிப் பணம் மிச்சமாகும்.

வெளியேறும்போது கேட்டு வாங்க வேண்டியது ஒன்றுண்டு. தொலைமருத்துவ வழிகாட்டுதல்களின்படி, மருந்து எழுதிய மருத்துவர் தம் கையொப்பமுள்ள சீட்டின் நகலை நோயாளிக்கு அனுப்பக் கடமைப்பட்டவர். மருந்தின் பொதுப்பெயரும் செறிவும் அதில் இருக்கும். அந்தச் சீட்டு கையில் இருந்தால், அடுத்த டியூபை அல்சூர் ஏரிக்கு அருகிலுள்ள மருந்துக்கடையிலும் வாங்கலாம், பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது சேலத்திலும் வாங்கலாம்.